மூன்றாவது பொம்மை யார் வயிற்றில்

மரிக்ருஸ் ததேயோவின் இரண்டு கணுக்கால்களையும் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி உலுக்கிக்கொண்டிருந்தாள். ஐந்து வயதுப் பையன்தான், ஆனால் கனம் ஒரு மூட்டைக் கனம். சட்டை கழுத்து வரை சரிந்து தொப்புள் தெரிந்தது. கால்சட்டைப் பையிலிருந்து ஒரு மெழுகுப் பென்சில், பாதி ரப்பர், யாருடையதோ ஒரு கையுறை என்று வரிசையாக விழுந்தன. வாயிலிருந்து சிவப்பாக ஒரு பழத்துண்டு விழுந்தது. விழவேண்டியது மட்டும் விழவில்லை.

"இன்னும் வேகமா மிஸ்," என்றான் ததேயோ, தலைகீழாகச் சிரித்துக்கொண்டே.

அவனுக்குப் பின்னால் அதற்குள் நாலு பேர் வரிசையில் நின்றுவிட்டார்கள். ஒவ்வொருவரும் தானும் பொம்மையை முழுங்கிவிட்டதாகச் சொன்னார்கள். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் கேட்டபோது யாரும் எதையும் முழுங்கியிருக்கவில்லை. தலைகீழாகத் தூக்க ஆரம்பித்த பிறகுதான் இந்த நோய் பரவியது.

"ஓ மை காட்," என்றாள் மரிக்ருஸ்.

"மிஸ், இங்கிலீஷ்," என்றது கூடம் ஒரே குரலில். ததேயோவின் அண்ணன் ப்ரையன், ஒன்பது வயது, ஓடிப்போய்க் கரும்பலகையில் அவள் பெயருக்கு நேரே மூன்றாவது கோட்டைப் போட்டுவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினான். இந்த மாதிரி வேலையில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

சர்ச்சுக்கு அடியில் இருக்கும் அந்தக் கூடத்தில் அது சட்டம். மேலே தெருவில், பள்ளிக்கூடத்தில், பஸ்ஸில் எந்த மொழி வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம். பதினாலு படி இறங்கி, பூட்ஸிலிருக்கும் பனியைத் தட்டிவிட்டு உள்ளே வந்தால் ஸ்பானிஷ்தான். வாய் தவறி ஒரு இங்கிலீஷ் வாக்கியம் வந்தால் பலகையில் ஒரு கோடு, கோட்டுக்கு ஒரு நாள் கூடத்தைப் பெருக்க வேண்டும். குழந்தைகளுக்கு என்ன சட்டமோ அதுதான் பார்த்துக்கொள்ள வருகிறவர்களுக்கும். மரிக்ருஸுக்கு சாதாரணமாக ஸ்பானிஷ் சரளமாகத்தான் வரும். பயம் வந்தால்தான் மொழி மாறிவிடும். அன்றைக்கு அவளுக்கு அப்படியொரு பயம் வந்திருந்தது.

காரணம், மேசை நடுவில் வெறும் தட்டாகக் கிடந்த ரோஸ்கா.

ஜனவரி ஆறாம் தேதி, ஸ்பானிஷ் பேசும் நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களின் அந்தத் தெருவில் ரோஸ்கா வெட்டாத வீடு இருக்காது. வண்டிச் சக்கரம் மாதிரி வளையமான பெரிய இனிப்பு ரொட்டி. உள்ளே எங்கேயோ சுண்டுவிரல் நுனி அளவுக்கு வெள்ளை பிளாஸ்டிக் பொம்மை, குழந்தை இயேசு, ஒளித்து வைத்திருப்பார்கள். யார் துண்டில் பொம்மை வருகிறதோ அவர்கள் பிப்ரவரி இரண்டாம் தேதி, கந்தெலாரியா அன்று, அத்தனை பேருக்கும் தமால் அவித்துப் போட வேண்டும். சோள மாவைப் பிசைந்து, கறியை வேகவைத்து, ஒவ்வொன்றாகச் சோளத் தோலில் சுருட்டி அடுக்குவதற்குள் இடுப்பு போய்விடும். அதனால் பொம்மை வந்ததும் கன்னத்துக்குள் அதக்கிக்கொண்டு ஒன்றும் தெரியாத மாதிரி பேசுகிற மாமாக்கள் உண்டு. பக்கத்து நாற்காலிக்காரர் கோட்டுப் பையில் போட்டுவிடுகிற சித்திகள் உண்டு. பேசாமல் முழுங்கியவர்களும் உண்டு. அந்தத் தெருவில் ஆளுக்கொரு முழுங்கிய உறவினர் இருந்தார். அதனால்தான் பொம்மை காணவில்லை என்றதும் மரிக்ருஸின் மனம் மேசைக்கு அடியிலோ குப்பைக்கூடையிலோ தேடப் போகவில்லை. நேரே வயிற்றுக்குப் போய்விட்டது.

ரொட்டிக் கடைக்காரர் இந்த ரோஸ்காவுக்குள் மூன்று பொம்மை வைத்திருந்தார். அதை எர்லிந்தா டீச்சர் அழுத்திச் சொல்லியிருந்தார். டீச்சர் சொந்த ஊரில், சகாத்தேகாஸில், முப்பது வருஷம் பாடம் எடுத்தவர், இந்த மாலைப் பள்ளி அவர் நடத்துவதுதான். குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வர வர குரல் இறங்கும். ரொம்பக் கோபம் வந்தால் உதடு மட்டும்தான் அசையும் என்று பெரிய பிள்ளைகள் சொல்வார்கள்.

"நான் மேல போய் ஃபாதரப் பாத்துட்டு வரேன். அரை மணி நேரம் நீதான் பாத்துக்கற," என்று சொல்லிவிட்டுத்தான் அவர் போனார். "குட்டிங்களுக்கு அப்படியே குடுத்துடாத. ஒவ்வொரு துண்டையும் கையால பிச்சுப் பாத்துட்டுக் குடு. பொம்மை வந்தா எடுத்து வை, அவங்க அம்மா வரும்போது குடுத்துக்கலாம். இன்னிக்கு ஒழுங்கா போச்சுன்னா, இந்த வாரத்துலேருந்து குட்டிங்க மேசை உன்னுது."

குட்டிகள் மேசை. ஏழு வயதும் அதற்குக் கீழேயும் ஆறு பேர். மரிக்ருஸ் அந்த மேசைக்காக மூன்று மாதமாகப் பென்சில் சீவினாள், மூக்குத் துடைத்தாள், ஜாக்கெட் ஜிப்பில் மாட்டிக்கொண்ட தாடைகளை விடுவித்தாள். அவளுடைய பள்ளிக்கூடத்தில் ஒன்றரை வருஷமாகியும் கணக்கு வாத்தியார் அவளை மாரிசோல் என்றுதான் கூப்பிடுகிறார். அவள் திருத்தவில்லை. வகுப்பில் ஒரு தடவைகூடக் கை தூக்கியதில்லை. சாப்பாட்டு நேரத்தில் கதவோரமாக உட்கார்ந்து, யாராவது கேட்டால் இப்போதுதான் கிளம்பப்போகிறேன் என்பாள். இந்தக் கூடத்தில் மட்டும்தான் ஒழுகும் மூக்கோடு ஓடிவந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு 'மிஸ்' என்கிற ஆட்கள் இருந்தார்கள். பதினாறு வயதுக்கு அவளிடம் இருந்த சொத்து அது ஒன்றுதான்.

முதல் நாலு துண்டுகளைப் பிய்த்துப் பார்த்துத்தான் கொடுத்தாள். ஐந்தாவது துண்டின்போது ப்ரையன் சாக்லேட் பால் பாத்திரத்தில் முழங்கையை வைத்தான். பால் மேசையில் பரவி, வீட்டுப்பாட நோட்டுகளை நோக்கிப் போனது. அவள் துணி தேடி ஓடித் துடைத்து நிமிர்வதற்குள் மிச்சத் துண்டுகள் தாங்களாகவே பங்கிட்டுக்கொண்டு, தாங்களாகவே தீர்ந்தும் போயிருந்தன.

ப்ரையனுக்கு ஒரு பொம்மை வந்தது. நாற்காலி மேல் ஏறி நின்று அறிவித்தான். அவனுக்கென்ன, அவன் அம்மா சேலா தினமும் விடியற்காலையில் தெருமுனையில் வண்டி போட்டுத் தமால் விற்கிறவள். இன்னொன்று ஆறு வயது ஹிமேனாவுக்கு. அவள் அதைக் காகிதக் கைக்குட்டையில் சுற்றிப் பென்சில் டப்பாவில் தூங்கவைத்திருந்தாள். யார் கேட்டாலும் குழந்தை தூங்குகிறது என்றாள்.

மூன்றாவது யாருக்கும் வரவில்லை. எல்லார் வாயையும் திறக்கச் சொல்லிப் போன் வெளிச்சத்தில் பார்த்தாள். பதினோரு வாய். முன்பல் இல்லாதவை ஏழு. எதிலும் பொம்மை இல்லை. நடுவில் எலிசேயோ என்கிற அமைதியான பையன் கை தூக்கி, பாத்ரூம் போகணும் என்றான். இப்போதுதானே போனாய் என்று கேட்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. போ என்றாள். அப்போதுதான் ததேயோ தன் வயிற்றைத் தடவிக்கொண்டு, "நான்தான் முழுங்கிட்டேன். இனிப்பா இருந்துச்சு," என்றான்.

எர்லிந்தா டீச்சர் படியிறங்கி வந்தபோது ததேயோ இரண்டாவது முறையாகத் தலைகீழாக இருந்தான்.

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ததேயோவைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், பலகையில் கோடுகளைப் பார்த்தார்.

"அவன கீழ விடு," என்றார், மிக மெல்ல.

மரிக்ருஸ் விட்டாள். நடந்ததைச் சொன்னாள். பாதியில் மொழி மாறியது. ப்ரையன் நாலாவது கோட்டைப் போட்டான். அந்த நேரத்தில் அவனைத் தடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

டீச்சர் நர்ஸ் உதவி எண்ணுக்குப் போன் போட்டார். மறுமுனையில் எடுத்த பெண், குழந்தைக்கு மூச்சுத் திணறுகிறதா, இருமுகிறதா, தண்ணீர் இறங்குகிறதா என்று கேட்டாள். குழந்தை இப்போது மூன்றாவது தம்ளர் சாக்லேட் பால் கேட்கிறது என்று சொல்லப்பட்டது. அப்படியென்றால் பயப்பட வேண்டாம், கவனித்துக்கொண்டிருங்கள், ஏதாவது மாறுதல் தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், மற்றபடி அது போன வழியில் இல்லாமல் மற்ற வழியில் வரும் என்றாள். டீச்சர் போனை வைத்துவிட்டு ஒரு காகிதத்தில் குழந்தைகள் பெயரை எழுத ஆரம்பித்தார். எல்லா வீட்டிலும் மூன்று நாள், தினமும் காலையில், பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். எதைப் பார்த்துவிட்டு என்பது ப்ரையனுக்கு உடனே புரிந்தது. மற்றவர்களுக்கு அவன் விளக்கினான். கூடத்தில் அன்றைக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் எதுவும் நடக்கவில்லை.

குட்டிகள் மேசை போய்விட்டது என்று மரிக்ருஸுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அதைப் பற்றி அழக்கூட நேரமில்லை. தலை எண்ணினாள். பத்து. மறுபடி எண்ணினாள். எலிசேயோ இன்னும் வரவில்லை.

பாத்ரூமில், கை கழுவும் தொட்டிப் பக்கத்தில் அவன் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தான். ஏழு வயது. வலது கை ஸ்வெட்டர் தோள் வரை நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. இடது கை காய்ந்திருந்தது.

"என்னடா பண்ற?"

"கை கழுவினேன் மிஸ்."

"ஒரு கை மட்டுமா?"

அவன் தன் கையைப் பார்த்தான். அது தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டதை அப்போதுதான் கவனித்தவன் மாதிரி முகம் கோணியது.

"எனக்குத்தான் வந்துச்சு மிஸ்," என்றான். "கொண்டாந்து கக்கூசுக்குள்ள போட்டுத் தண்ணி விட்டுட்டேன். போய் உக்காந்துட்டேன். அப்பறம்தான் அது குழந்தை இயேசுன்னு ஞாபகம் வந்துச்சு. திரும்ப வந்து கைய விட்டுப் பாத்தேன். போயிட்டாரு."

மரிக்ருஸ் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். யார் வயிற்றிலும் இல்லை. யாரும் சாகப்போவதில்லை.

ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டாள். அவன் தயாராகத்தான் இருந்தான். ரொம்ப நாளாக யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்த மாதிரி கடகடவென்று சொன்னான். அவன் அம்மா இன்னும் ஊரில், துராங்கோவில் இருக்கிறாள், இங்கே வருவதற்கான காகிதம் கிடைக்கவில்லை. வீட்டில் அப்பாவும் இரண்டு சித்தப்பாவும். மூன்று பேரும் கூரை போடுகிறவர்கள். பனிக்காலத்தில் வேலை இல்லாமல் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"மூணு பேருக்கும் சேத்து முட்ட பொரிக்கத்தான் தெரியும் மிஸ். அதுவும் அடி பிடிச்சுக்கும். தமால் யார் செய்வா? பொம்மையக் கொண்டு போனா அப்பா அம்மாவுக்கு ஃபோன் போட்டு எப்படி செய்யறதுன்னு கேப்பாரு. அம்மா அழும். போன மாசம் என் பல்லு விழுந்ததுக்கே அழுதுச்சு, தான் பாக்கலையேன்னு."

மரிக்ருஸ் அவன் கையைப் பிடித்துக் கையுலர்த்தும் இயந்திரத்துக்கு அடியில் காட்டினாள். அது இரைச்சலோடு ஓடியது. அந்த இரைச்சலுக்குள் அவன், "சொல்லிடாதீங்க மிஸ்," என்றான்.

"சொல்லல."

"சத்தியமா?"

அவள் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சிலுவை மாதிரி குறுக்கே வைத்து முத்தமிட்டாள். அந்தத் தெருவில் அதற்கு மேல் ஒரு சத்தியம் கிடையாது.

"குழாய்ல அவருக்குக் குளிருமா?"

"வெந்நீர்க் குழாய்தான் அது," என்றாள் மரிக்ருஸ். அன்றைய முதல் பொய்.

வெளியே வந்தபோது நிலைமை இன்னும் மோசமாகியிருந்தது. ப்ரையனின் அம்மா சேலா வந்துவிட்டாள். விஷயத்தைக் கேட்டதும் கோட்டைக்கூடக் கழற்றாமல் கூடத்துச் சமையலறைக்குள் போய் ஆலிவ் எண்ணெய்ப் புட்டியையும் குழிக்கரண்டியையும் எடுத்து வந்திருந்தாள். மற்ற பத்து பேரும் வரிசையில். முதலில் ததேயோ. அவன் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

டீச்சர் எண்ணெய் வேண்டாம், டாக்டர் சொல்லட்டும் என்று சொல்லிப் பார்த்தார். சேலா கேட்கிற ஆள் இல்லை. "எங்க மச்சான் கல்யாணமான வருஷம் முழுங்கினாரு டீச்சர். எங்க மாமியா ஒரு கரண்டி எண்ண குடுத்துச்சு. மறுநாள் காலைல பொம்மையும் வந்துச்சு, தமாலும் போட்டாரு. யாரு முழுங்கினான்னு தெரியலன்னா எல்லாருக்கும் குடுக்க வேண்டியதுதான்."

"யாருக்கு வந்துச்சுன்னு தெரிஞ்சா போதும்," என்றார் டீச்சர். வரிசையைப் பார்த்து, இதற்கு முன் யாரும் கேட்டிராத அளவுக்கு மெல்லிய குரலில் சொன்னார். "யாரையும் திட்ட மாட்டேன். யாருக்கு வந்துச்சு?"

குழந்தைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹிமேனாவின் பார்வை ஒவ்வொரு முகமாக நகர்ந்து, எலிசேயோவிடம் வந்து, அவன் ஸ்வெட்டரில் நின்றது. "ஏன் உன் கை மட்டும்..." என்று ஆரம்பித்தாள்.

"எனக்கு," என்றாள் மரிக்ருஸ்.

எல்லோரும் திரும்பினார்கள். அவளுக்கு ஒரு திட்டமும் இருக்கவில்லை. வாய் திறந்துவிட்டது, இனி எதையாவது சொல்ல வேண்டும்.

"எனக்குத்தான் வந்துச்சு டீச்சர். நான்தான் முழுங்கிட்டேன்."

"எப்போ?"

"பால் கொட்டினப்ப. அவசரத்துல ஒரு துண்ட வாயில போட்டேன். கடிக்காம முழுங்கிட்டேன்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப நீ குழந்தைங்கள தலைகீழா தொங்கவிட்டுட்டிருந்தப்ப, அது உன் வயித்துலதான் இருந்துச்சா?"

இது மரிக்ருஸ் யோசிக்காத இடம். "பயமா இருந்துச்சு டீச்சர்," என்றாள். அன்று மாலை அவள் சொன்னதில் கலப்படமில்லாத வாக்கியம் அது ஒன்றுதான்.

சேலா சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் தோள் குலுங்கியது, பிறகு கரண்டி குலுங்கியது, பிறகு நிற்க முடியாமல் குட்டிகள் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தாள். "ஐயோ, பதினாறு வயசுப் பொண்ணு. தமாலுக்குப் பயந்து," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டீச்சர் சிரிக்கவில்லை. மறுபடி நர்ஸுக்குப் போன் போட்டு, முழுங்கியது யாரென்று தெரிந்துவிட்டது என்றார். வயது கேட்டார்கள். பதினாறு என்றார். மறுபடி ஒரு தடவை வயது கேட்டார்கள்.

ததேயோ மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "பொய். நான்தான் முழுங்கினேன். அது என்னோடது," என்று காலை உதைத்து அழுதான். அவனுக்காக ஊற்றிய எண்ணெய் கரண்டியில் அப்படியே இருந்தது. ஊற்றியதைப் புட்டிக்குள் திருப்பி ஊற்றுவது சேலாவின் வழக்கத்தில் இல்லை.

"வாயத் தொற கண்ணு," என்றாள் மரிக்ருஸிடம்.

அவள் திறந்தாள். எண்ணெய் தொண்டையில் மெதுவாக, மிக மெதுவாக இறங்கியது. பதினோரு குழந்தைகளும் அவள் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எலிசேயோ தன் வாயையும் அவளோடு சேர்த்துத் திறந்து வைத்திருந்தான். அவள் விழுங்கியபோது அவனும் விழுங்கினான்.

"ஓ காட்," என்றாள் மரிக்ருஸ், மூச்சு வந்ததும். ப்ரையன் ஐந்தாவது கோடு போட்டான்.

"ஆனா ஒண்ணு," என்றாள் சேலா, கரண்டியைத் துடைத்துக்கொண்டே. "முழுங்கிட்டா தப்பிச்சுடலாம்னு நெனச்சுக்காத. வயித்துல இருந்தாலும் பொம்மை பொம்மைதான். கந்தெலாரியாவுக்குத் தமால் ஒங்க வீட்டுலதான். இல்ல, ஒங்கம்மா அந்தப் பானைய மறுபடி அடுப்புல ஏத்திடப் போறாங்களேன்னு பயந்துதான் முழுங்கினியா?"

இது எல்லோருக்கும் புரிகிற கேலி. போன வருஷம் இதே கூடத்தில் மரிக்ருஸின் அம்மா லெதிக்குத்தான் பொம்மை வந்தது. லெதி ஓட்டலில் அறை சுத்தம் செய்கிறவள். இரண்டு ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து இராத்திரியில் தமால் அடுக்கி, பானை அடியில் தண்ணீரில் ஒரு காசைப் போட்டு அடுப்பில் ஏற்றினாள். தண்ணீர் இருக்கிறவரை காசு அடியில் கடகடவென்று ஆடிக்கொண்டிருக்கும். சத்தம் நின்றால் தண்ணீர் தீர்ந்தது என்று அர்த்தம். காசு ஆடிக்கொண்டிருந்தது. லெதி நாற்காலியிலேயே தூங்கிவிட்டாள். காசு நின்றது அவளுக்குக் கேட்கவில்லை. மறுநாள் அறுபது பேர் கருகல் வாசனை அடிக்கிற தமாலைச் சிரித்த முகத்தோடு சாப்பிட்டார்கள். ஒரு வருஷமாகியும் அந்தப் புகை இன்னும் தெருவை விட்டுப் போகவில்லை.

கூடத்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள். மரிக்ருஸ் பதில் சொல்ல நிமிர்ந்தபோது படியின் கடைசியில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். ஓட்டல் சீருடை மேல் கோட்டு, தோளில் உருகாத பனி. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. பொம்மையைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும், பானையைப் பற்றியும் கேட்டிருக்க வேண்டும். சேலாவும் பார்த்துவிட்டாள். சிரிப்பு பாதியில் நின்றது. "வா லெதி. சும்மா வெளையாட்டுக்கு," என்றாள்.

"தெரியும் அக்கா," என்றாள் லெதி.

எர்லிந்தா டீச்சர் தீர்ப்பைச் சொல்லிவிட்டார். கந்தெலாரியா வரைக்கும் மரிக்ருஸ் குழந்தைகள் பக்கம் வரக்கூடாது. வாயில் போட்டதை ஒத்துக்கொள்ள ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்கிற ஆளிடம் குட்டிகள் மேசையை எப்படி விடுவது. பிப்ரவரி இரண்டாம் தேதி தமாலோடு வரட்டும், அப்புறம் பேசலாம். நடுவில் ஐந்து நாள், குழந்தைகள் எல்லாரும் போன பிறகு, வந்து பெருக்கிவிட்டுப் போகட்டும். கோடு கோடுதான்.

கிளம்பும்போது எலிசேயோ கோட்டு மாட்டும் இடத்தில் நின்றான். அவன் அப்பா வந்திருந்தார், பெரிய கைகளோடு, மகனின் ஜிப்பைப் போடத் தெரியாமல் குனிந்து போராடிக்கொண்டிருந்தார். அப்பாவின் தலைக்கு மேலாக அவன் மரிக்ருஸைப் பார்த்து, கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் குறுக்கே வைத்துக் காட்டினான்.

வீட்டுக்கு வந்தும் அம்மா கோட்டைக் கழற்றவில்லை. நாற்காலி போட்டு ஏறி, குளிர்பெட்டி மேலிருந்த பெரிய பானையை இறக்கினாள். கந்தெலாரியாவுக்கு இன்னும் நாலு வாரம் இருந்தது. பானையைத் தொட்டியில் வைத்து, அடியில் ஒட்டியிருந்த போன வருஷத்துக் கருப்பைக் கம்பி நாரால் தேய்க்க ஆரம்பித்தாள். முழங்கை வரை சட்டை நனைந்தது. மரிக்ருஸ் அந்த ஈரக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வயிறு வலிக்குதா?" என்றாள் அம்மா, திரும்பாமல்.

"இல்ல."

"போன வருஷம் எல்லாரும் ஒண்ணத் தின்னுட்டு எழுந்துட்டாங்க. நீ மூணு தின்ன. அந்த நாத்தத்துல நீ ஒருத்திதான் நல்லாருக்குன்னு சொன்ன."

"நல்லாத்தாம்மா இருந்துச்சு."

"பொய் சொல்லாத. எனக்கே எறங்கல." நார் நின்றது. "சேலா சொன்னது நெசமா? என் தமாலுக்கு வெக்கப்பட்டுத்தான் முழுங்கினியா? நெசமா இருந்தா சொல்லிடு, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

"இல்லம்மா. சத்தியமா இல்ல." சத்தியத்துக்காகத் தானாக எழுந்த இரண்டு விரல்கள் உதட்டுக்குப் பாதியில் நின்றன. இன்றைக்கு ஒரு தடவை அந்த விரல்களை அவள் முத்தமிட்டாகிவிட்டது. தொண்டையில் எண்ணெய் இன்னும் வழவழத்தது. ஏழு வயதுப் பையன் ஒருவன் இந்நேரம் மூன்று ஆம்பிளைகளோடு உட்கார்ந்து அடி பிடித்த முட்டை தின்றுகொண்டிருப்பான்.

அம்மா பானையைத் துடைத்து அடுப்பு மேல் வைத்தாள். கோட்டுப் பையிலிருந்து ஒரு காசை எடுத்து உள்ளே போட்டாள். காலிப் பானையில் அது ஒரு சுற்றுச் சுற்றி, சத்தம் குறைந்து, நின்றது. அதற்குப் பிறகுதான் அவள் மகள் பக்கம் திரும்பினாள்.

"அப்ப எதுக்குடி முழுங்கின?"